கடல் கொங்கிற்கும் உரியதே

கொங்கு நாட்டிற்குக் கடல் இல்லை. மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை, வடக்கே நீலமலை என மலைகள் அரண்செய்ய, நடுவே நொய்யலும் பவானியும் அமராவதியும் ஓடும் உள்நாடு அது. இதனைக் கொண்டு, கடலோடிய தமிழர் பெருமை பேசப்பெறும்போதெல்லாம் கொங்கர் சிலர், அது கீழ்க்கரையாருக்கும் பரதவர்க்கும் உரிய செய்தி எனக் கேட்டு வாளா இருந்து விடுகின்றனர். பள்ளிகளிலும் இந்நிலையே. பூம்புகாரும் கொற்கையும் தேர்வுக்குரிய பெயர்களாய் மனப்பாடம் செய்யப்படுகின்றன. நொய்யற்கரை மாணவனுக்கு அவற்றோடு உறவு உண்டு எனச் சொல்வாரில்லை. இவ்வெண்ணம் தவறு. தவறு என்பதோடு அமையாது, ஓர் இனம் தன் உடைமையின் செம்பாதியைத் தானே பிறர்க்கு எழுதிக் கொடுத்துவிடும் பேதைமையுமாம்.

கலம் கடலில் ஓடுவது உண்மை. ஆயின் கலத்தை ஓட்டுவது கரை மட்டுமன்று. ஏற்றுதற்குப் பொருள் இல்லையேல் எந்த நாவாயும் துறையை நாடி வாராது. அப்பொருளை ஈந்தது உள்நாடு. பண்டைத் தமிழகத்தில் அவ்வாறு ஈந்த நாடுகளுள் கொங்கு தலையாயது.

ஈரோட்டு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்துள் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் கொடுமணத்தைச் சுட்டியுள்ளனர். நெடுங்காலம் அது ஏட்டில் கிடந்த பெயராகவே இருந்தது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது ஏட்டுச் செய்தி மண்ணினின்றும் எழுந்து நின்றது. கல்மணிகள் கடைந்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், சங்கு அறுத்து வளையல் செய்த எச்சங்களும் வெளிப்பட்டன. பானை ஓடுகளிற் கீறிய தமிழி எழுத்துகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் வடபுலத்தார் பெயர்களும் உள்ளன. தொலைவிலுள்ள ஆப்கானிய மலைகளில் விளையும் நீலவண்ணக் கல்லும் அங்கே மணியாகக் கடையப்பட்டது. ஊர் சிறிது, அதன் தொடர்போ உலகளாவியது.

கொடுமணலுக்கு அணித்தே காங்கேயம் பக்கத்துப் படியூர் உள்ளது. பெரில் என மேலையார் வழங்கும் கடற்பச்சைக் கல் விளைந்த நிலம் அது. அச்சொல்லின் வேர் தென்மொழிகளில் உள்ளதெனக் கருதும் மேலை அறிஞரும் உளர். உரோம அறிஞர் பிளினி, இக்கல்லின் விளைநிலம் பெரும்பாலும் இந்தியாவே என்றும், தெளிந்த கடல்நீரின் பசுமையை ஒத்த கற்களே சிறந்தவை என்றும் எழுதி வைத்தார். கடல் காணாத ஊரின் மண், கடலின் நிறத்தையே கல்லாக்கிக் கடலுக்கப்பால் விடுத்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு விம்முகிறதன்றோ!

அக்கற்கள் சென்ற வழியும் அறியத்தக்கது. சேரர் தலைநகராகிய கருவூரினின்று கொடுமணல் வழியாக மேற்கே சென்ற பெருவழி, பாலைக்காட்டுக் கணவாயைக் கடந்து முசிறித் துறையை அடைந்தது. கோடைப் பருவத்தில் தென்மேற்குக் காற்றைப் பாயிற் பிணித்து வந்த யவனர் கலங்கள், பருவம் மாறி வடகிழக்குக் காற்று எழும் மார்கழி அளவில் திரும்பின. செங்கடல் வாயிலினின்று முசிறிக்கு நாற்பது நாட் செலவு எனப் பிளினி கணக்கிட்டார். ஆண்டுதோறும் ஐந்நூறு இலக்கம் செசுடர்சு இந்தியாவுக்குப் போய்விடுகிறதெனப் புலம்பியவரும் அவரே. அப்புலம்பலுக்குக் காரணமான காசுகளைத் தேடி வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலாக 522 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதன் பின்னரும் அவ்வூரில் பலமுறை புதையல்கள் வெளிப்பட்டன.

வியன்னா நூலகத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த தாள்புல் ஏடொன்று உள்ளது. 1985-இல் அது பதிப்பித்து வெளியிடப்பட்டது. முசிறி வணிகத்திற்காக ஏற்பட்ட கடன் உடன்படிக்கை அதன் ஒரு பக்கத்திலும், எர்மபோலன் என்னும் கலம் ஏற்றிவந்த சரக்கின் கணக்கு மறுபக்கத்திலும் உள்ளன. யானை மருப்பும் நறுமணப் பொருளும் அச்சரக்கில் இருந்தன. நாலிலொரு பங்கு உல்காகக் கழிந்த பின்னும் அதன் மதிப்பு ஏறத்தாழ எழுபது இலக்கம் செசுடர்சு. ஒரு கலத்தின் ஒரு செலவுக்கு இத்துணை!

சரக்கோடு ஆளும் சென்றான். ஆளோடு மொழியும் சென்றது. எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகேயிலும் குசேர் அல்-கதீமிலும் தமிழி பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. குசேரில் கிடைத்த ஓடொன்றில், உறியில் தொங்கவிடும் பானையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன. ஓமான் நாட்டுக் கோர் ரோரியில் கீரன் என முடியும் பெயர் காணப்படுகிறது. தாய்லாந்தின் குவான் லூக் பட்டில் கிடைத்த பொன் உரைகல்லில், அது பெரும்பதனின் கல் எனத் தமிழில் வெட்டப்பட்டுள்ளது. மன்னர்தம் மெய்க்கீர்த்திகள் அல்ல இவை. சமையற்கட்டுப் பானையும் பொற்கொல்லன் உரைகல்லும் ஆம். தன் பானைக்கும் தன் கல்லுக்கும் அயல்மண்ணிலும் தமிழிலேயே பெயரெழுதிய அம்மக்களை, தன் கடைப்பலகைக்கும் தமிழில் பெயரெழுத நாணும் இற்றைத் தமிழனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பின்னாளில் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரம் வரை கலம் செலுத்தியதும், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் சுமத்திராவின் பரூசில் 1088-இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியதும் யாவரும் அறிந்தனவே. யாவரும் அறியாத ஒன்று, கலத்திற்குரிய மரமும் கொங்கின் எல்லையினின்று சென்றமை. 19-ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு மும்பைக் கப்பற்றுறைக்குச் சென்றது. மலைமுகட்டினின்று மரங்களைச் சரியவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என ஆங்கிலப் பெயரால் வழங்குகிறது. மரம் கொடுத்தது தமிழ்மலை. பெயர் வைத்தவன் வெள்ளையன். மாற்றப் பெறாமல் நிற்பது அப்பெயர்.

இனி, கொங்கிற்கும் கடலுக்கும் உள்ள உறவில் நெஞ்சை உலுக்கும் பகுதிக்கு வருதல் வேண்டும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலர் குழுமம் ஒன்றே கப்பலோட்டிக் கொழுத்த காலத்தில், 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்து இலக்கம் உருபா முதல், பங்கு ஒன்றுக்கு 25 உருபா. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. எதிர்க் குழுமத்தார் கட்டணத்தை அடியோடு குறைத்தனர். இறுதியில் விலையின்றியும் ஏற்றிச்செல்ல முன்வந்தனர். அதனாலும் இச்சங்கம் சாயாமை கண்டு ஆட்சியே கைநீட்டிற்று. 1908 மார்ச்சுத் திங்களில் சிதம்பரனார் தளைப்படுத்தப்பட்டார். சூலையில் இரு வாழ்நாள் ஒறுப்புகள் அவர்மீது சுமத்தப்பட்டன. மேல்முறையீட்டில் அவை பின்னர்க் குறைக்கப்பட்டன.

அவர் கொண்டுவந்து அடைக்கப்பட்ட இடம் கோவைச் சிறை. கப்பலோட்டிய கைகளில் சணல் இழுக்கும் வேலை தரப்பட்டுக் குருதி கசிந்தது. பின்னர், மாடு இழுக்கும் செக்கில் அவர் பூட்டப்பட்டார். கடலில் நேர்க்கோடாய்ச் சென்ற வாழ்வு, கோவை வெயிலில் வட்டமாய்ச் சுற்றிச் சுற்றித் தேய்ந்தது. அந்நாளில் கோவை வழக்கறிஞரும் பெரியபுராண உரையாசிரியருமாகிய சி.கே. சுப்பிரமணிய முதலியார் அவர்க்குத் துணைநின்றார் என்பது கொங்கின் நற்பேறு. 1910 இறுதியில் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1911-இல் சங்கம் கலைந்தது. கப்பலொன்று பகைக் குழுமத்திற்கே விற்கப்பட்டது. 1912 திசம்பரில் அவர் விடுதலை பெற்று வெளிவந்தபோது சிறைவாயிலில் காத்திருந்தோர் மிகச் சிலரே. அத்துணைக்குப் பின்னும் அவர் சோர்ந்தாரல்லர். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். கப்பலையும் தமிழையும் ஒரு தொண்டின் இருகூறாகக் கண்டவர் அவர்.

கோவையில் அவர் பெயரால் பூங்கா உண்டு, திடல் உண்டு. மாலையில் அங்கு உலவுவோருள் எத்துணைப் பேர், அவர் செக்கிழுத்தது தம் ஊரில்தான் என்பதை எண்ணிப் பார்க்கின்றனர்? தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. திருப்பூர்ப் பின்னலாடைகள் சரக்குப் பெட்டகங்களில் அடைபட்டு அத்துறையின் வழியே செல்கின்றன. அவற்றுள் மிகப் பல கொழும்பில் பெருங்கப்பல்களுக்கு மாற்றப்படுகின்றன. சிதம்பரனார் தமிழர் கப்பலை ஓட்டிய அதே கடல்வழி அது! இன்று அவ்வழியே கொங்கின் உழைப்பு செல்கிறது. ஏற்றிச் செல்லும் கப்பல்களிற் பெரும்பாலானவை அயலாருடையவை. நெய்தவள் கொங்கச்சி, கட்டணம் பெறுபவன் எவனோ.

பொருளிழப்பினும் கொடிது சொல்லிழப்பு. கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, தோணி, ஓடம் என ஒவ்வொரு வகைக்கும் தனிப்பெயர் வைத்தது தமிழ். பாய்மரத்திற்குக் கூம்பு, பாய்க்கு இதை, செலுத்துவோனுக்கு மீகாமன் என்றது. கட்டுமரம் ஆங்கிலத்தில் ஏறிற்று. கப்பல் மலாய் மொழியில் ஏறிற்று. மீகாமன் இருக்கவும் அரபு வழிவந்த மாலுமியே இன்று பாடநூல்களில் ஆட்சிசெய்கிறது. சுக்கானும் அரபியே, நங்கூரம் பாரசீக வழியது. அரபியரும் தமிழரும் ஒரே கடலில் தோழமையோடு கலம் செலுத்தியவர்கள். சொல் கொடுத்தலும் கொள்ளலும் அத்தோழமையில் நிகழ்ந்தன. அதன்மேற் சினம் வேண்டா. ஆயின் பிறர் சொல்லை வாங்கியமைக்காகத் தன் சொல்லைக் கொன்றுவிடுதல் தோழமை ஆகாது, அது தற்கொலை. கடற்கரைப் பரதவர் வாயில் வாடையும் கொண்டலும் இன்னும் காற்றின் பெயர்களே. நீரோட்டத்தை நீவாடு என்பதும், படகின் முன்புறத்தை அணியம் என்பதும் அவர்கள் வழக்கு. ஏட்டில் செத்தவை கரையில் வாழ்கின்றன. கரையும் கைவிட்டால் எங்கு போய்த் தேடுவது?

எனவே கொங்கர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, கொங்கு நாட்டுப் பள்ளிகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் சுற்றுலாக்களுள் ஒன்றேனும் கொடுமணலுக்கு அமைதல் வேண்டும். கேளிக்கைப் பூங்காவை மாணவர் பின்னர்க் காணலாம். தம் முன்னோர் பட்டறையை முதலிற் காணட்டும். இரண்டாவது, நொய்யல் மீளல் வேண்டும். மணிகளை ஈந்த ஆறு சாயக்கழிவால் கறுத்தது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்முறைமன்றம் ஆணையிடும் அளவிற்குச் சென்றது. ஆற்றைக் கொன்று ஆடை விற்பவன், கொடுமணலார் வழித்தோன்றல் எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தகுதியை இழக்கிறான். மூன்றாவது, தமிழாசிரியர்கள் பரதவர் வாய்மொழிச் சொற்களைத் தொகுத்து வகுப்பறைக்குக் கொணர்தல் வேண்டும். கொங்கு மாணவனும் மீகாமன் என்று சொல்லட்டும். கூம்பு என்று எழுதட்டும்.

கொடுமணல் கொல்லன் கடலைக் கண்டிருக்க மாட்டான். எனினும் தன் உளி தீட்டிய மணி எத்துறைக்குச் செல்லும் என்பதை அறிந்தே உழைத்திருப்பான். சிதம்பரனாரும் சிறைச்சுவருக்குள் கடலைக் கண்டாரல்லர். எனினும் செக்கின் ஒவ்வொரு சுற்றிலும் அவர் உள்ளம் கலத்தின் மேலேயே இருந்தது. கடலைக் கண்ணாற் காணுதல் வேண்டுமென்பதில்லை; கருத்தால் உரிமைகொள்ளுதல் வேண்டும். அவ்வுரிமையைக் கொங்கு மறந்த நாளே தமிழன் கலம் பாதி மூழ்கிய நாள். அதனை நினைந்தெழும் நாளே அக்கலம் மீண்டும் பாய்விரிக்கும் நாள்.