வழிக்கதை எதற்கு என்கிறார்களாம்!

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு சாவகாசமாகப் படியுங்கள்.

இசையைப் பற்றி எழுதுகிறவர், அந்த ஊருக்கு எப்படிப் போனார், எங்கே உட்கார்ந்து கேட்டார், அன்று உடம்பு எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும் என்பது என் கட்சி. 'அதெல்லாம் யாருக்கு வேண்டும், பாட்டைப் பற்றி மட்டும் சொல்லு' என்பது எதிர்க்கட்சி. இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல, 250 வருடப் பழசு.

லண்டனில் சார்லஸ் பர்னி என்று ஒருவர் இருந்தார். 1726-இல் பிறந்தவர். நம்மைப் போல வாத்தியார்தான், சங்கீத வாத்தியார். காலையிலிருந்து ராத்திரி வரை வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். மதியச் சாப்பாடு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் குதிரை வண்டியிலேயே, தகர டப்பாவில் கொண்டுபோன சாண்ட்விச். (டியூஷன் எடுக்கும் என் மாணவ ஆசிரியர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.) இவருக்கு இசையின் வரலாற்றை எழுதவேண்டும் என்று ஆசை. நூலகத்தில் உட்கார்ந்தால் போதாது, காதால் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1770 ஜூனில் கிளம்பி பாரிஸ், டுரின், மிலான், வெனிஸ், பொலோன்யா, ரோம், நேப்பிள்ஸ் என்று சுற்றிவிட்டு டிசம்பரில் வீடு திரும்பினார். அப்போது வயது 44.

பொலோன்யாவில் ஓய்வுபெற்ற பாடகர் ஃபாரினெல்லியைப் பார்த்தார். 14 வயது மொசார்ட்டையும் பார்த்தார். ஆனால் எனக்குப் பிடித்த இடம் நேப்பிள்ஸ் இசைப்பள்ளி. ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகள், அதற்கு மேல் வயலின்கள், நடுவில் சில பையன்கள் பாடுகிறார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு சுருதி, எல்லாம் ஒரே நேரத்தில்! கட்டில்தான் இருக்கை. மாடிப்படியில் ஒரு பையன் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு அலறுகிறான், அடுத்த படிக்கட்டில் இன்னொருவன் கொம்பு ஊதுகிறான். குளிர்காலத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுப்பிவிடுவார்களாம். இவ்வளவு இரைச்சலில் பழகியவர்களுக்கு நளினம் எப்படி வரும் என்று பர்னி கேட்கிறார். நேரில் அந்தப் படியேறிப் போனவர் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி இது.

1771-இல் முதல் புத்தகம் வந்தது. அச்சுக்கு முன் நண்பர்கள் சொன்னார்கள்: பயண விவரம், ஊர்க்கதை எல்லாம் வேண்டாம், இசையை மட்டும் வையுங்கள். அவரும் வெட்டிவிட்டார். வெட்டியதெல்லாம் கையெழுத்துப் பிரதியிலேயே கிடந்தது. 1959-இல் பெர்சி ஷோல்ஸ் பதிப்பித்தபோதுதான் புத்தகத்தோடு சேர்ந்து வந்தது.

நல்லவேளை, 1772-இல் ஜெர்மனிப் பக்கம் போனபோது பாதையின் அவதியையும் எழுதினார், அது அடுத்த வருடமே அச்சிலும் வந்தது. மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஆற்றோடு மிதந்து போயிருக்கிறார். பெர்லின் நுழைவாயிலில் பெட்டியைக் கிளறிச் சோதனை போடும் வரை, நனைந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஹாம்பர்கில் பெரிய பாஹின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாஹ், சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்காகக் கிளாவிகார்டு முன் உட்கார்ந்து இரவு வெகுநேரம் வாசித்திருக்கிறார். முகம் எப்படி மாறியது என்பதைக்கூடப் பர்னி குறித்து வைத்திருக்கிறார். திரும்பும் வழியில், கப்பலில் வாந்தியெடுத்துக் களைத்துத் தூங்கிப்போய், டோவரில் இறங்காமல் மறுபடி பிரான்ஸ் பக்கமே போய்விட்டார் என்று மகள் ஃபேன்னி எழுதியிருக்கிறார்.

ஃபேன்னி என்றதும் எம்.ஏ. வகுப்பில் படித்த 'எவலினா' ஞாபகம் வருகிறது. அப்பாவின் பிரதிகளை உட்கார்ந்து படியெடுத்துக் கொடுத்தவர் இந்தப் பெண். தன் நாவலை 1778-இல் பெயர் போடாமல் வெளியிட்டபோது, அச்சகத்தார் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயந்து எழுத்தையே மாற்றி எழுதினாராம். அப்பா ஊர் சுற்றிப் பேர் வாங்கினார், மகளுக்குக் கை வலித்தது. சரி, அது தனிப் பதிவுக்கான விஷயம்.

பர்னி சொன்னதெல்லாம் சரியா? இல்லை. ஜெர்மானியர்களின் இசைத் திறமையைப் பற்றி அவர் போட்ட சில தீர்ப்புகள் அவசரமானவை. ஜெர்மன் வாசகர்களுக்குக் கோபம் வந்தது, நியாயமாகத்தான். ஆனால் கவனியுங்கள், மழை, பசி, குளிர், சுங்கச் சோதனை எல்லாவற்றையும் அவரே எழுதி வைத்திருப்பதால் நாம் கணக்குப் போட முடிகிறது. 'பாவம், இந்த மனுஷன் நேற்று நனைந்திருக்கிறார், அதுதான் இன்று கச்சேரி பிடிக்கவில்லை' என்று. இன்றைக்கு வருகிற விமர்சனத்தில் அந்த வசதி உண்டா? டிக்கெட் வாங்கிப் போனாரா, விழாக்காரர்கள் அழைத்துப் போனார்களா, முன்வரிசையா, தூணுக்குப் பின்னாலா, நேரில் கேட்டாரா, போனில் பார்த்தாரா, ஒன்றும் தெரியாது. தீர்ப்பு மட்டும் வானத்திலிருந்து விழும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? என் பழைய மாணவன் ஒருவன் பத்திரிகையில் இசை பற்றி எழுதுகிறான். தன் புத்தகத்தோடு இரண்டு மாதமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான். ராத்திரி பஸ், லாட்ஜ், காலையில் ஒரு கல்லூரி, மாலையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். அவன் வீட்டிலேயே இதை 'ஜாலி டூர்' என்கிறார்கள். சம்பளமில்லாத விடுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறார்கள். போகிற இடங்களில் நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்த்து அடுத்த புத்தகத்துக்குக் குறிப்பு எடுக்கிறான். பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்களாம், 'பஸ் கதை, லாட்ஜ் கதை வேண்டாம், இசையை மட்டும் எழுதுங்கள்' என்று. "என்ன சார் செய்யட்டும்?" என்று கேட்டான்.

தம்பி, எல்லாவற்றையும் வைக்காதே. எந்த ஓட்டலில் இட்லி கல்லாக இருந்தது என்பது இசைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு தவில் வித்வானைப் பார்க்க மூன்று பஸ் மாறி, அவர் முகூர்த்தத்துக்குப் போயிருந்ததால் திண்ணையில் ஐந்து மணி நேரம் காத்திருந்தாய் என்றாயே, அதை வெட்டாதே. அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது அந்த ஐந்து மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த வீட்டம்மா உனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்ன நாலு வார்த்தையும் இருக்கட்டும். பதிப்பகத்தார் கேட்டால் சாமுவேல் ஜான்சன் பெயரைச் சொல். தன் ஸ்காட்லாந்துப் பயண நூலுக்குப் பர்னியின் புத்தகத்தைத்தான் மனதில் வைத்திருந்ததாக அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு செய்தி. வருகிற ஞாயிறு அவன் நம் ஊருக்கு வருகிறான். இடமும் நேரமும் குரூப்பில் போடுகிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் வாருங்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள், 'சார் பெயரைச் சொல்லி' இலவசப் பிரதி கேட்காதீர்கள். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில், பஸ் பத்தரைக்கு.