கரண்டியைத் திருப்பிப் பாருங்கள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டெட்பரி என்று ஒரு சின்ன ஊர். கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர். 1655-ல் கட்டிய சந்தை மண்டபம் தடித்த தூண்கள் மேல் இன்னமும் நிற்கிறது. இப்போது பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. பிள்ளைகள் வீட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாம்.

மேஜை, பீரோ எல்லாம் கண்ணுக்கு விருந்து. விலைச்சீட்டைப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போய்விடும். குழந்தைகளிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து வெள்ளிக் கரண்டிகள் பக்கம் அனுப்புங்கள். காம்பின் பின்புறம் பொடிப்பொடியாக முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்தது. பக்கத்திலேயே ஓர் ஆங்கில எழுத்து: எந்த வருஷத்துச் சரக்கு என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

என் மாமியார் பளபளவென்ற ஒரு டீ செட்டைப் பிடித்த பிடி விடவில்லை. பணப்பையையும் திறந்துவிட்டார். ஒன்பது வயதுப் பேத்தி பாத்திரத்தைக் கவிழ்த்து, "பாட்டி, ஈ.பி.என்.எஸ்.னு போட்டிருக்கு!" என்றாள். செம்பு, நிக்கல் கலவை மேல் வெறும் வெள்ளி முலாம். கடைக்காரர் மேல் குற்றமில்லை. விலைச்சீட்டில் வெள்ளி என்று அவர் எழுதவே இல்லை.

தந்தப் பிடி போட்ட சாமான் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். 2022-லிருந்து தந்த விற்பனைக்கு அங்கே தடை. விலக்குகள் மிகக் குறைவு.

பேரம் பேசக் கூச்சம் வேண்டாம். "கடைசி விலை என்ன?" என்று சிரித்தபடி கேட்பது அங்கேயும் வழக்கம்தான். சிங்கம் போட்ட ஒற்றை டீஸ்பூனுக்கு மாமியார் அப்படித்தான் கேட்டார். இரண்டு பவுண்டு குறைந்தது.