படத்தில் வராத தண்ணீர்

பள்ளுருத்தியில் என் நண்பர் வீடு கட்டப் போகிறார். நான்கு சென்ட் மனை. தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு. நான் போன அன்றுதான் கம்ப்யூட்டரில் வரைந்த படம் வந்திருந்தது. குடும்பமே ஒரு மொபைலைச் சுற்றி நின்றது.

படம் பிரமாதம். பொன்னிற வெயில், ஈரம் மினுங்கும் கருங்கல் பாதை, இருபுறமும் புல்தரை, மூலையில் மூங்கில், வாசலில் ஒரு வெள்ளைக் கார். (நண்பரிடம் இருப்பது ஸ்கூட்டர்.) புகைப்படம் என்றே முதலில் நினைத்தேன். நண்பரின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. விருச்சிகத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறும்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. நவம்பர் நடுவில் மலையாளிகளின் விருச்சிக மாதம் பிறக்கிறது. அப்போது காயலில் வேலியேற்றம் வரும். இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி, பள்ளுருத்தி என்று மேற்குக் கொச்சியின் தாழ்வான பகுதிகளில் உப்புத் தண்ணீர் முற்றத்துக்கு வந்து, சில வீடுகளில் அடுக்களை வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சமீப ஆண்டுகளில் இது கூடியிருக்கிறது. தண்ணீர் வடிந்துவிடும்; உப்பு சுவரிலேயே தங்கி, பூச்சை உதிர்த்துவிடும். தமிழில் ஓதம் என்றால் கடல் ஏற்றம். சுவரில் ஊறும் ஈரமும் ஓதம்தான். இரண்டும் ஒரே சொல்லானது ஏன் என்று எம்.ஏ. வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே சுவரைத் தொட்டால் தெரிகிறது.

படம் போட்ட இளைஞரைப் பார்க்கப் போனேன். தோப்பும்படியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர்கள். மரியாதையான பிள்ளை. ஸ்கெட்ச்அப்பில் சுவர்களை எழுப்பி, லூமியனில் ஏற்றி, கல்லுக்குக் கல்லின் தோலையும் மரத்துக்கு மரத்தின் தோலையும் போர்த்திக் காட்டினார். ஒளி ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் தெறித்து அடுத்ததன் மேல் விழுவதைக் கணக்கிடும் சமன்பாட்டை அமெரிக்கரான ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். அன்று பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே சவாலாக இருந்த கணக்கு, இன்று தோப்பும்படியில் டீ குடித்து முடிப்பதற்குள் முடிகிறது.

"மூங்கில், புல், கார் எல்லாம் ரெடிமேட் சார். எடுத்து வைக்க வேண்டியதுதான்" என்றார்.

வெயில்? அதுவும் அப்படித்தான். வீடு வடக்குப் பார்த்தது. படத்திலோ தாழ்ந்த வெயில் நேர் எதிரிலிருந்து வாசலில் விழுகிறது. கொச்சியில் எந்த மாதத்திலும் அப்படி ஒரு வெயில் கிடையாது. ஊரையும் தேதியையும் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்த சாஃப்ட்வேருக்குத் தெரியும். நிறுத்தினால் முகப்பு நிழலில் போய்விடுகிறது என்று இவர்தான் திருப்பி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டேன். இந்தப் படம் எங்கே நின்று எடுத்தது? அவர் சிரித்துவிட்டார். நண்பர் வீட்டுக்கு முன்னால் எட்டடிச் சந்து. வீடு முழுதாக இப்படித் தெரிய வேண்டுமானால், எதிர்வீட்டின் படுக்கை அறைக்குள் நின்று, நடுவிலுள்ள சுவர்களை ஊடுருவிப் பார்க்க வேண்டும். எதிர்வீடு, மின்கம்பம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் காமிராவை வைத்திருந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. நிழலும் கம்பமும் உள்ள படத்தைக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். தொழிலும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்ற தோட்டக் கலைஞர், பிரபுக்களுக்குச் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகம் தயாரித்துக் கொடுப்பார். படத்தின் மேல் ஒரு மடிப்புத் தாள், அதில் இன்றைய நிலம். தாளைத் தூக்கினால் ரெப்டன் அமைக்கப்போகும் ஏரியும் சோலையும். ஆனால் பிரபுவுக்கு மேல்தாளும் கிடைத்தது. தன் நிலம் உள்ளபடி எப்படி இருக்கிறது என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்றைய படத்தில் அந்த மேல்தாள் இல்லை.

காயலுக்கு அக்கரையில் இருக்கும் மரடு நினைவுக்கு வருகிறது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்ன நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முன்னூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். ஜன்னலைத் திறந்தால் காயல் என்பதுதான் அவற்றின் கவர்ச்சியே. காயலை நீலமாக வரைவது எளிது. கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கோடு எந்த விளம்பரப் படத்திலும் வருவதில்லை.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு ஓரளவு வழி செய்கிறது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவர், அது பொய்யாகி நஷ்டப்பட்டால், கட்டுமான நிறுவனம் ஈடு தர வேண்டும். ஆனால் சொந்த மனையில், வங்கிக் கடனில், மேஸ்திரியை வைத்துக் கட்டும் என் நண்பருக்கு இது பொருந்தாது. அவர் படத்தைக் காட்டி யாரிடமும் ஈடு கேட்க முடியாது.

"தண்ணீரை வரைய முடியுமா?" என்று இளைஞரிடம் கேட்டேன். நீச்சல்குளம் என்று நினைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. அவர் வீடு கும்பளங்கியில். அளவெல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. பத்து நிமிடத்தில் புல்தரை மறைந்தது. கலங்கல் தண்ணீர் இரண்டாம் படியில் வந்து நின்றது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நண்பர் அடித்தளத்தை இரண்டடி உயர்த்துவதென்று முடிவு செய்தார். புல்தரைக்கு ஒதுக்கிய பணம் மண்ணடிக்கப் போகிறது. கூடுதலாக நான்கு படிகள். அம்மாவின் முழங்காலுக்கு அது ஒரு தொல்லை. சறுக்குப் பாதை வைக்க இடமில்லை.

ஆனால் அம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நம் மனையை உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்? பக்கத்து வீடு படத்தில் இல்லை. இளைஞர் ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து அதையும் அளந்து வரைவதாகச் சொல்லியிருக்கிறார்.