இட்டேரியும் ஊர்த்தெருவும்



எங்கள் அந்தியூர்ப் பக்கம் பாதையைத் 'தடம்' என்பார்கள். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்க நடுவில் வண்டி போகிற தடத்துக்கு 'இட்டேரி' என்று பேர். பண்ணையத்துக்கு ஆள் போனதும், எரு சுமந்ததும், ஆடுமாடு ஓட்டியதும் இந்தத் தடங்களில்தான். இன்றைக்கு இதற்கெல்லாம் புது மவுசு வந்திருக்கிறது. விடிகாலையில் வரட்டுப்பள்ளம் அணைப் பக்கம் கழுத்தில் பைனாகுலர் தொங்கப் பறவை பார்க்க வருகிறார்கள். வாரக்கடைசியானால் தாமரைக்கரை ரோட்டில் பர்கூர் மலை பார்க்கக் கூட்டம். இயற்கை நடை, மலையேற்றம், ட்ரெக்கிங் என்று பல பேர் இதற்கு.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். மனுசன் நடப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களுக்கு ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. இந்த நாட்டுப்புறத்தில் யார் எங்கே நடக்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கொங்கு நாட்டுத் தடங்களை அழகு என்று எழுதுகிறவர்கள் ஒன்றை எழுத மறந்துவிடுகிறார்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு தெருவில் தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடாக இருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் சுமார் 60 தலித்துகள் கூடி, செருப்புக் காலோடு அந்தத் தெருவில் நடந்தார்கள். ஆண்டு 1923 அல்ல தோழர்களே, 2023. மேற்கு மலையில் ஊர்விட்டு ஊர் வந்தவன் பல கிலோமீட்டர் நடக்கிறான். ஊரிலேயே பிறந்தவன் ஒரு தெருவைத் தாண்ட இயக்கம் கட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1924 ஆகஸ்டில் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் எவரும் புழங்கலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. பிறகு 1950இல் அரசியல் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது இடத்தில் செருப்புப் போடுவதை, சைக்கிள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தது. நூறு வருசம் முன்னால் பாதைக்குத் தீர்மானம் போட்டோம். நூறு வருசம் கழித்து அந்தப் பாதையில் போகிற காலின் செருப்புக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். இது எழுதினவர்களின் குறையல்ல. அமல்படுத்த வேண்டியவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சனை.

அதே 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது. கேட்டது கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். 1925 கடைசியில் சமரசம் ஆனபோதும் நாலு தெருவில் மூன்றுதான் திறந்தது. நாலாவது தெருவுக்கு 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் கால் வைக்கும் உரிமைக்காகச் சிறை போன அந்தப் பெரியாரின் பெயர்தான் இன்று எங்கள் காட்டுக்கு இருக்கிறது. 2024 ஜனவரி 30இல் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களின் 80,567 ஹெக்டேர் காட்டைத் 'தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம்' என்று தமிழக அரசு அறிவித்தது. யானைக்கும் புலிக்கும் வழி வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெரியார் பெயர் வைத்த காட்டில் மனுசனுக்கு வழி மறுக்கப்பட்டால் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

பர்கூர் மலையில் சோளகர் இருக்கிறார்கள், லிங்காயத்துகள் இருக்கிறார்கள், மலையாளிகள் இருக்கிறார்கள். செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடு காட்டில் பட்டி போட்டு மேய்ந்து வளர்ந்த மாடு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச்சந்தையில் அதைப் பார்த்துப் பெருமைப்படாத ஆள் இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. சரி, சுருங்கிவிட்டது என்று மலைக்காரர்கள் மூச்சுவிட்டார்கள். ரெண்டே வருசத்தில் அவர்கள் காடே சரணாலயம் ஆகிவிட்டது! மலைமக்கள் போராட்டத்தில் இறங்கியதில் என்ன ஆச்சரியம்?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஒப்புக்கொள்கிறது. அது சரணாலயத்துக்கும் பொருந்தும். கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆனால் அதற்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் இருப்பவருக்கு ஒரு அளவுகோல், இல்லாதவருக்கு மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம் அங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம். ஈரோடு மாவட்ட மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. காட்டை நம்பி வாழும் தலித்துகளும் இந்த இரண்டாவது வரிசையில்தான். பட்டா கொடுக்காத அரசிடம் போய் 75 வருசப் பத்திரம் எங்கே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? கால் தேய்ந்த தடத்தைத்தான் காட்ட முடியும்.

அந்தத் தடத்தில் நடந்ததற்காக உதைபட்டவர்களும் அவர்கள்தான். வீரப்பன் தேடுதல் காலத்தில் அதிரடிப்படையிடம் சிக்கியவர்களை நாம் மறக்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் தமிழகம், கர்நாடகம் இரண்டிலுமாக 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தேன் எடுக்கப் போனவன், விறகு பொறுக்கப் போன பொம்பளை, காட்டில் நின்றாலே சந்தேகம். இப்போது அதே காட்டில் தோளில் பை மாட்டிப் போகிறவருக்கு அனுமதிச் சீட்டு.

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் செத்தார்கள். ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று திறந்தது. மலைக்கிராமத்து இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். இதை வரவேற்கிறோம். ஆனால் வழிகாட்டி கூலி ஒன்று, பாதைக்குச் சொந்தக்காரன் என்ற உரிமை வேறொன்று. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறக்கடிக்கக் கூடாது.

மலையை விட்டு இறங்கி ஏரிக்கு வருவோம். வரட்டுப்பள்ளம் நிறைந்தால் கெட்டிசமுத்திரம், அந்தியூர் பெரிய ஏரி, சந்திபாளையம், பிரம்மதேசம், வேம்பத்தி, ஆப்பக்கூடல் என்று ஏரிக்கு ஏரி தண்ணீர் இறங்கும். ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது. இனி ஏரிக்கரைகளில் நடைபாதை, பெஞ்சு, பறவைப் படம் போட்ட போர்டு எல்லாம் வரும். வரட்டும். ஆனால் தமிழகத்தில் பல ஏரிகளில் மடை திறந்து அடைத்த நீர்க்கட்டிகள் தலித்துகள். மடையைக் காத்தவனுக்கு ஆயக்கட்டில் காணி இல்லை. 1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் கைநிறைய அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல என்பதை நாம் அறிவோம்.

ஏரிக்கரை நடைபாதை போடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது சுடுகாட்டுப் பாதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் ஒரு தலித்தின் பிணத்தைத் தங்கள் நிலத்து வழியே கொண்டுபோக விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. உயிரோடு இருக்கிறவன் வேடிக்கை பார்க்க நடைபாதை, செத்தவன் போய்ச் சேர வழி இல்லை. இதற்குப் பேர் வளர்ச்சியா?

நடப்பதே அரசியல் என்பதை வெள்ளைக்காரத் தொழிலாளிகளும் உணர்ந்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24இல் இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், பணக்காரர்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டமும், 2000இல் திறந்த மேட்டுநிலங்களில் எவரும் நடக்கலாம் என்ற சட்டமும் அந்த நாட்டில் வந்தன. இன்றைக்கு உலகம் கொண்டாடும் நடைபாதைகளுக்குப் பின்னால் ஏழைகளின் கால் இருக்கிறது. ஆனால் அவர்களைத் தடுத்தது வேலி. நம்மைத் தடுப்பது வேலியே இல்லாத தெரு.

மாணவத் தோழர்களே, மலையேறப் போங்கள். காடும் பறவையும் நமக்கும் சொந்தம். அம்பேத்கர் பேரனுக்கு மலை உச்சி வேண்டாம் என்று எவனும் சொல்ல முடியாது. போகிறபோது இதையும் செய்யுங்கள். போகும் ஊரில் காலனி எங்கே என்று கேளுங்கள். காலனிக்காரர் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கிறார்களா, சுடுகாட்டுக்கு வழி உண்டா, ஏரியில் இறங்க விடுகிறார்களா என்று எழுதி எடுத்து வாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் வன்கொடுமைச் சட்டப் பிரிவோடு புகார் எழுதிக் கொடுங்கள். பர்கூர் மலையில் எந்தப் பாதை திறந்தாலும் கிராம சபை ஒப்புதல் எங்கே, மேய்ச்சல் உரிமை மனு என்ன ஆனது என்று கேளுங்கள். வருகிற வருமானத்தில் மலைக்கிராமத்துக்கு என்ன பங்கு என்றும் கேளுங்கள்.

கொங்கு நாட்டு நடைபாதை வரைபடத்தை அரசு அச்சடிக்கும்போது, நடக்க முடியாத தெருக்களின் வரைபடத்தை நாம் தயாரித்து வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.

— ஆசிரியர் குழு