மலிவு விலை ஹாம் ரேடியோ: முதலில் உரிமம், பிறகு ஏரியல்

கேள்வி: முத்தியால்பேட்டையில் வீடும் பாகூரில் நெல் வயலும் உள்ள வாசகர் ஒருவர் கேட்கிறார்: புயல் நாளில் செல்போன் வேலை செய்யாவிட்டால், வயல் பக்கம் குடியிருக்கும் தம்பியுடன் பேச, விலை குறைந்த ஹாம் வாக்கி டாக்கி உதவுமா? அது எட்டும் தூரத்தைக் கூட்ட முடியுமா?

பதில்: உதவும், ஆனால் புயல் வந்த பிறகு வாங்கும் பொருள் அல்ல அது. 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, மின்சாரத்தோடு தொலைபேசியும் நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2004 சுனாமியின்போது, ஹாம் ரேடியோவுக்காக முன்பே போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமானிலிருந்து வெளியே செய்தி அனுப்ப உதவினார்கள். அவர்களுடையது தொலைதூர செட். என்றாலும் செட், அனுமதி, பழக்கம் மூன்றும் முன்பே கைவசம் இருந்ததால்தான் அது முடிந்தது.

உரிமம்: ஹாம் செட்டை உரிமம் இல்லாமல் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் உரிமம் கிடைக்கும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. அண்ணன், தம்பி இருவருமே உரிமம் பெற வேண்டும். நெல் விலை, ஆள் கூலி போன்ற வியாபாரப் பேச்சுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

தூரம்: இந்த செட்டின் அலை ஏறக்குறைய கண்பார்வை போல நேராகச் செல்லும். தரையில் நிற்பவருக்கு அடிவானம் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 9 மீட்டர் உயரத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல். முத்தியால்பேட்டையிலிருந்து பாகூர் சுமார் 20 கிலோமீட்டர். கையில் பிடித்துப் பேசினால் எட்டாது. இரு பக்கமும் ஏரியல் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்ட வாய்ப்பு உண்டு. நடுவில் கட்டடமும் தென்னந்தோப்பும் இருப்பதால், முன்கூட்டியே பேசிப் பார்த்தால்தான் உறுதியாகும். வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே பலன் தரும்.

ஏரியல்: செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஏரியல் பலவீனமானது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற கால் அலை ஏரியல் சுமார் 49 சென்டிமீட்டர் நீளம். மாடியில் வைக்க, நேராக நிற்கும் ஒரு 49 சென்டிமீட்டர் கம்பியும், அதன் அடியில் சாய்வாக விரியும் நான்கு கம்பிகளும் போதும். செட்டுக்கு வரும் கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஏரியல் மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தினால் செட் பழுதாகலாம். இடி, பலத்த காற்று வரும்முன் ஏரியலை இறக்கிவிட்டு, காற்று அடங்கியதும் ஏற்ற வேண்டும்.

பராமரிப்பு: கடலோரம் என்பதால் உப்பு ஈரம் படியும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் வைக்கவும். ஐப்பசி பிறக்கும்முன் பேட்டரியை முழுதாக ஏற்றி, கூடுதலாக ஒரு பேட்டரியும் வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வு எழுத வசதி இல்லாதவர்களுக்கு, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவையில்லாத செட் உண்டு. அரசு அங்கீகாரச் சான்று பார்த்து வாங்கவும். அது பாகூர் வரை எட்டாது. வரப்பிலிருந்து மோட்டார் கொட்டகைக்குப் பேசப் போதும்.