கப்பலூரில் தீயணைப்பு அணி எங்கே நிற்பது?

மதுரை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில் வந்து சேரும் பெட்ரோலையும் டீசலையும் சுற்று மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பும் இந்தியன் ஆயில் முனையமும், சிட்கோ தொழிற்பேட்டையும், தியாகராஜர் ஆலையும், சுங்கச்சாவடியும் ஒரே வட்டாரத்தில் நெருங்கிக் கிடக்கும் கப்பலூரைக் குறித்து, 1996-ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தலைமை வகிக்கும் தங்களிடம் விண்ணப்பம் ஒன்று உண்டு.

2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில், இதே நிறுவனத்தின் முனையத்தில், பக்கத்து நிறுவனத்துக்குப் பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் செய்கையில் வால்வு வழியே பீறிட்ட எண்ணெயை, ஆவியின் உக்கிரத்தால் அருகே செல்ல எவராலும் இயலாமையாலும், தொலைவிலிருந்து மூடும் சாதனம் பயன்படாமையாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாது போயிற்று. காற்றினும் கனமான அந்த ஆவி தரையோடு தவழ்ந்து வளாகமெங்கும் பரவி வெடித்த பின்னர், பத்து நாட்களுக்கு மேல் தீ எரிந்தது. விசாரித்த எம். பி. லால் குழு, கட்டுப்பாட்டு அறையும் தீயணைப்பு நீர்த்தொட்டியும் பம்புகளும் எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெகு தூரத்தில் இருத்தல் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. காக்க வந்த சாதனமே முதலில் அழியும் இடத்தில் நிற்குமானால் அதனால் என்ன பிரயோஜனம்?

ஆதலின், வளாகத்துக்குள் எத்தனை ஏற்பாடு இருப்பினும், நுரைக் கலவை வண்டியும் பயிற்சி பெற்ற வீரர்களும் கொண்ட ஓர் அணி மதிலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி நிற்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. எரியும் பெட்ரோல் நீரின்மேல் மிதக்குமாகையால் வெறும் தண்ணீர் லாரி இங்கே போதாது. ஆடியில் மேல்காற்றும் மார்கழியில் வாடையும் வீசும் இச்சமவெளியில், ஒரே வாயிலை நம்பியிராமல், எதிரெதிர்த் திக்குகளிலிருந்து இரு பாதைகள் அவ்வணிக்கு அமைதலும் அவசியம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பதோ அரக்கோணத்தில். அங்கிருந்து உதவி வருமுன் கழியும் நாழிகைகளை உள்ளூர் அணிதான் தாங்கியாக வேண்டும். மதுரை விமான நிலையத்தைக் காக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையையும் அந்த நேரத்தில் சேர்த்துக்கொள்ள முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தல் நலம்.

ஒத்திகை என்பது நம்மவர்க்குப் பந்தலும் பொன்னாடையும் கூடிய வைபவமாகிவிட்டது. அடுத்த ஒத்திகையை, முன்னறிவிப்பின்றி, சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டும் ஒரு மாலையில் நடத்தி, திருமங்கலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புறப்படும் தீயணைப்பு வண்டிகள் முனையத்தின் வாயிலை அடைய எத்தனை நிமிஷம் ஆயிற்றென்பதைத் தொழிற்பேட்டைத் தொழிலாளரும் ஊராரும் அறியப் பிரசுரம் செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கப்பலூர்வாசி ஒருவன்