உடைந்தது பானை, கொன்றது பேரல்

எங்கள் ஆயாவின் மண்பானையைக் காக்கிச் சட்டைகள் லத்தியால் உடைத்தபோது எனக்கு எட்டு வயது. ஊறல் தெருவெல்லாம் ஓடியது. மறுநாள் முதல் பள்ளியில் நான் 'சாராயக்காரி பேரன்'. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ரசாயனப் பேரல்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள், அன்றாடக் கூலிகள். 'கள்ளச்சாராய சாவு' என்றார்கள். ஆனால் உயிரைக் குடித்தது மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் அதுதான் நடந்தது.

வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சினால் வருவது எத்தனால். அதில் மெத்தனால் மிகச் சொற்பம். ஊரையே சாய்க்கும் அளவுக்கு மெத்தனால் பானையில் ஊறாது. அது ரசாயன ஆலையில் தயாராகி, பெயிண்ட், பிசின், மருந்து உற்பத்திக்குப் போகும் சரக்கு. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

அதை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. உரிமம் இருந்தால் கணக்கும் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நாம் பார்ப்பது என்ன? 'சாராய வேட்டை' என்று ஊறலைக் கொட்டி அழிக்கும் புகைப்படம்.

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே காய்ச்சுவது சட்டப்படி சரி. அங்கே செப்புக் கலன் பொழுதுபோக்கு. இங்கே சேரியில் பானை இருந்தால் மொத்தத் தெருவுக்கும் குற்றவாளிப் பட்டம். வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டச் சொல்லவில்லை தோழர்களே. குடி எங்கள் பெண்களின் கூலியைத் தின்பதைத் தினமும் பார்ப்பவன் நான். கருவியைப் பார்த்தல்ல, அதை வைத்திருப்பவரின் சாதியைப் பார்த்தே குற்றம் முடிவாகிறது என்கிறேன்.

கருணாபுரத்துக் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும் 'குடிகாரனுக்கு எதற்குக் காசு' என்று சமூக வலைத்தளங்களில் கொதித்தார்கள். ஆலையில் ரசாயனம் கசிந்து செத்தால் விபத்து. அதே ஆலைச் சரக்கு பாக்கெட்டில் வந்து கொன்றால் மட்டும் ஒழுக்கக்கேடா?

மெத்தனால் எங்கே எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு மக்கள் பார்வைக்கு வரட்டும். பேரல்களைச் சுமப்பது எங்கள் தோள்கள். எத்தனை வந்தன, எத்தனை போயின என்று எங்களுக்கும் எண்ணத் தெரியும்.